குளவிக்கூட்டோடு ஒரு துப்பாக்கி

பழைய பட்டாளத்துத் துப்பாக்கி சேர்ப்பவர் என்று ஒரு ஜாதி மனிதர் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் எங்கள் பென்சில்வேனியாப் பக்கம் வாருங்கள். எந்தக் கல்லைப் புரட்டினாலும் கீழே இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டு ஒரு திருகாணியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவரை வேட்டைக்காரரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வேட்டைக்காரரின் துப்பாக்கி சுடும். இவருடையது சுடாது. அது கடைசியாகச் சுட்டது உள்நாட்டுப் போரில்; அதற்குப் பிறகு அதைச் சுடவைப்பது மகாபாவம் என்பது இவருடைய மதம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பட்டாளத்துக்காரன் ஒருவன் மழையிலும் சேற்றிலும் சுமந்துகொண்டு போய், அடுப்புக் கிளறவும், பன்றியை விரட்டவும், கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்கவும் பயன்படுத்திய சாமானை, இவர் இரண்டு கைகளிலும் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். உண்மையான பச்சைக் குழந்தையை எப்படித் தூக்குவார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு அவர் வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். கணப்புக்கு மேலே இருக்கும் சுவரைப் பார்ப்பார். அங்கே உங்கள் தாத்தாவின் படம் இருந்தால் பெருமூச்சு விடுவார். ஏதாவது ஒரு நீளக் குழாய் தொங்கினால் போச்சு, சாப்பாடு ஆறிவிடும். கழுத்தில் கயிறுகட்டித் தொங்கும் பூதக்கண்ணாடியை எடுத்து விசைத் தகட்டில் பொறித்திருக்கும் கழுகு முத்திரையைப் பார்ப்பார், பின்கட்டையை முகர்ந்து பார்ப்பார், கடைசியில் உதட்டைப் பிதுக்கி, "இது வெறும் அறுபத்தி மூணு" என்பார். ஆயிரத்தெண்ணூற்று அறுபத்தொன்றாம் வருஷத்து மாதிரி என்றால் மரியாதை. அறுபத்து மூன்று என்றால் வெறும். நடுவில் இருக்கும் இரண்டு வருஷத்தில் துப்பாக்கிக்கு அப்படி என்ன அவமானம் நேர்ந்தது? கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

அவரிடம் பேசும்போது துருவைத் துரு என்று சொல்லக்கூடாது. 'வயசு' என்று சொல்ல வேண்டும். அழுக்கை அழுக்கு என்று சொல்லக்கூடாது. 'அப்படியே இருக்கு' என்று சொல்ல வேண்டும். அப்படியே இருப்பதுதான் இவர்களுக்கு வேதம். எங்கள் ஊர்ச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஹார்லன் ஜூக் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், தேவாலயத்தில் பாடுகிறவர். ஒரு பலவீனமான நேரத்தில் இரும்பு நாரை எடுத்து ஒரு பழைய குழலைப் பளபளவென்று தேய்த்துவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் பளபளா ஜூக். யாரும் சண்டை போடவில்லை, திட்டவில்லை. ஆனால் சங்கத்து விருந்தில் சூப்பு சாப்பிடும்போது அவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருக்கும்.

இன்னொரு வேதவாக்கும் உண்டு: "துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே." விற்கிறவன் 'இது ஜெனரல் கையில் இருந்தது', 'இது கெட்டிஸ்பர்க் சண்டையில் வெடித்தது' என்றெல்லாம் அளப்பான், காதில் போட்டுக்கொள்ளாதே என்று அர்த்தம். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் இதைத்தான் முதலில் உபதேசிப்பார்கள். உபதேசித்த கையோடு, "இப்ப இதைப் பாரு, இதைத் தூக்கினவன் ஒரு செருப்புத் தைக்கிறவனோட மகன், இடது கால் கொஞ்சம் நொண்டி..." என்று ஆரம்பிப்பார்கள். ஊருக்குத்தானே உபதேசம்?

இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தங்கை ஆர்லீன் இவர்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் பெயர் வெர்லின் ஸ்ட்ரிக்லர். சொக்கத்தங்கம். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேறு பெண்ணை ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. அவளுக்குப் பின்னால் சுவரில் ஏதாவது தொங்கினால்தான் பார்ப்பார்.

வெர்லின் ஒரு புதுத் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரும் அழகே தனி. வண்டியைப் பின்பக்கம் நிறுத்துவார். கம்பளியில் சுற்றியதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சமையலறை வழியாக நுழைவார்.

"என்ன அது?" என்பாள் ஆர்லீன்.

"எது?"

"உன் தோள்ல இருக்கிறது."

"ஓ, இதுவா? இது ரொம்ப நாளா நம்மகிட்ட இருக்கிறதுதானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் முழுத் துப்பாக்கியைத் துப்பாக்கிகளுக்குள்ளேயே மறைத்துவிடுவார். மந்தையில் ஓர் ஆடு கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் அவர் மறைக்காத துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாருக்கும் காபி கிடைக்காது. லிட்டிட்ஸ் பக்கத்தில் ஒரு பண்ணையின் களஞ்சியப் பரணில், வைக்கோலுக்கு அடியில் கிடந்து கிடைத்தது. அறுபத்தொன்றாம் மாதிரி, ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் செய்தது. கட்டையில் பழைய தூசி, இரும்பில் சிவக்கச் சிவக்க 'வயசு', எல்லாவற்றுக்கும் மேலே குழல் வாயில் ஒரு குளவிக்கூடு. மண்குளவி கட்டியது. எப்போதோ செத்துப்போன குளவி, எப்போதோ காய்ந்துபோன மண். அதையும் வெர்லின் தொடவிடவில்லை.

"அது குளவிக்கூடு, மச்சான்," என்றேன் ஒருநாள்.

"அது சாட்சி, மச்சான்."

"எதுக்குச் சாட்சி?"

"யாரும் தொடலைங்கிறதுக்கு. குளவியைவிட நேர்மையான சாட்சி உண்டா?"

அதை அவர்கள் விருந்தாளி அறையில், கட்டிலுக்கு மேலே, இரண்டு மரமுளைகளில் படுக்கவைத்தார். குழல் வாய் தலைமாட்டுப் பக்கம். எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு நான் அந்தக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். குளவிதான் கொட்டுமோ என்று பயந்திருக்கிறேனே தவிர, வேறு எதற்கும் பயந்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்தப் பழைய துப்பாக்கிகளில் மருந்தையும் ஈயக்குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டு, ஒரு நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்துவிட்டுச் சுடாமலே வைத்துவிட்டுப் போன புண்ணியவான்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அந்த மருந்து லேசில் சாகாது. ஈரம் படாமல் இருந்தால் நம்மைவிட நீண்ட ஆயுசு அதற்கு. அதனால் எந்தச் சேகரிப்பாளரும் ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கினால் முதல் காரியமாகக் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பார். காலிக் குழல் என்றால் அடியில் போய் 'டிங்' என்று மணிபோல ஒலிக்கும். உள்ளே ஏதாவது இருந்தால் 'தொப்' என்று நிற்கும்.

எங்கள் சங்கத்தில் இந்தக் கம்பிச் சோதனைக்கென்றே ஒரு பாதுகாப்பு அதிகாரி உண்டு. கண்காட்சி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு துப்பாக்கியிலும் கம்பி விட்டுப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார். 'கம்பி சொல்லும்வரை எல்லாத் துப்பாக்கியும் கெட்டித்த துப்பாக்கியே!' என்று பலகையில் எழுதி மாட்டியவரும் அவர்தான். அந்த அதிகாரி யார்? வேறு யார், நம்ம வெர்லின்தான்.

அவருடைய குளவித் துப்பாக்கியில் மட்டும் கம்பி விட்டதில்லை. விட்டால் கூடு உடைந்துவிடுமே.

போன இலையுதிர் காலத்தில் வெர்லினின் மகள் கெண்ட்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி, பெயர் ஐடா. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குக் குழந்தையோடு வந்து கிறிஸ்துமஸ்வரை இருப்பதாக பிட்ஸ்பர்க்கிலிருந்து போன் செய்தாள். ஆர்லீனுக்குத் தரையில் கால் பாவவில்லை. விருந்தாளி அறையில் சாத்தி வைத்திருந்த துப்பாக்கிகளையெல்லாம் காலிசெய்யச் சொன்னாள். வெர்லின் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நிலவறைக்கு இறக்கினார். கட்டிலுக்கு மேலே இருந்ததை மட்டும் இறக்கவில்லை.

"அது அந்தச் சுவர்ல பழகிப்போச்சு, ஆர்லீன். நிலவறையில ஈரம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"தொட்டில் அதுக்குக் கீழ வரப்போகுது, வெர்லின்."

"வரட்டுமே. பொறந்ததிலிருந்தே நல்ல பொருளைப் பார்த்து வளரட்டும்."

தொட்டிலும் வந்தது. கெண்ட்ரா படுத்திருந்த அதே தொட்டில். ஆர்லீன் வெள்ளை வர்ணம் அடித்து, மஞ்சள் வாத்துப் படம் போட்ட துணி தைத்துப் போட்டிருந்தாள். மேலே குளவிக்கூடு, கீழே மஞ்சள் வாத்து.

கெண்ட்ரா வருவதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக் கூடத்தில் சங்கத்தின் கண்காட்சி. அந்த வருஷம் புதிதாக ஒரு பரிசு அறிவித்திருந்தார்கள்: கை படாமல் அப்படியே இருக்கும் துப்பாக்கிகளில் முதலாவதற்கு ஒரு நீல ரிப்பன். வெர்லினுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டைவிட்டு வெளியே எடுக்காத அந்தத் துப்பாக்கியை, குழல் வாய்க்கு ஆர்லீனின் தொப்பிப் பெட்டியைக் கவிழ்த்துக் கட்டி, என்னை வண்டி ஓட்டச் சொல்லி, தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டினார்.

போட்டியில் கலந்துகொள்பவர் தன் துப்பாக்கியைத் தானே சோதிக்கக்கூடாது என்பதால் அன்று வாசல் மேசையில் சங்கச் செயலாளர் மிரியம் ஃபுல்மர் உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். தபால்தலை ஒட்டாத கடிதத்தை ஆளுநரே கொடுத்தாலும் வாங்கமாட்டாள்.

"கம்பி," என்றாள்.

"மிரியம், இது விசேஷம். கூடு இருக்கு பாரு."

"அழகா இருக்கு. கம்பி."

"இதுல எதுவும் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுச் சுவர்ல இத்தனை வருஷமா இருக்கு. ஒண்ணும் ஆகலையே!"

மிரியம் திரும்பி, தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினாள். வெர்லினின் கையெழுத்து, வெர்லினின் ஆச்சரியக்குறி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். ஒன்று துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பி விட வேண்டும். வெர்லின் நீல ரிப்பனைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

மிரியம் மெல்லிசான மரக்குச்சியால்தான் முதலில் துழாவினாள். அவளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நூறு வருஷத்து மண் என்ன செய்யும்? பொலபொலவென்று மேசைமேல் கொட்டியது. வெர்லின் போட்ட சத்தத்தைக் கேட்டு, உள்ளே சூப்பு வார்த்துக்கொண்டிருந்த ஆர்லீன் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"குளவி," என்றார் வெர்லின், பேயறைந்ததுபோல.

அதற்குள் மிரியம் கம்பியை உள்ளே விட்டாள்.

தொப்.

இன்னொரு தடவை விட்டாள். தொப். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் நான்கு விரல் வைத்து அளந்து பார்த்தாள். குழலுக்குள் போக வேண்டிய அளவு போகவில்லை. அவள் துப்பாக்கியை அப்படியே மெதுவாகத் திருப்பி, வாயைச் செங்கல் சுவர் பக்கம் வைத்தாள். செங்கல் சுவர் ஓரம் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் தின்றுகொண்டிருந்த நாலு பேர் தட்டோடு நகர்ந்து போனார்கள்.

"கெட்டிச்சிருக்கு," என்றாள் மிரியம்.

ஆர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு நேரா நான் தொட்டில் போட்டிருக்கேன்," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் படுத்துக் குறட்டை விட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அதைவிட அந்த மஞ்சள் வாத்து ஞாபகம் வந்தது.

வெர்லின் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பார், வெட்கப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது, சார்! கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"உள்ள இருக்கிறது அந்தப் பட்டாளத்துக்காரன் போட்ட குண்டு," என்றார். "அவன் கையால போட்டது. அப்படியே இருக்கு!"

அவ்வளவுதான். பின்வாங்கி ஓடியவர்களெல்லாம் ஈ மொய்ப்பதுபோலத் திரும்பி வந்துவிட்டார்கள். பூதக்கண்ணாடிகள் வெளியே வந்தன. "எடுத்துடாதே வெர்லின்", "எடுத்தா போச்சு", "இதுமாதிரி எங்க கிடைக்கும்" என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டினார்கள். பளபளா ஜூக் ஒருவர்தான் தூர நின்று, "எடுத்துடு, வெர்லின்" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பேச்சுக்கு என்ன மரியாதை?

ஆர்லீன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

போனில் கெண்ட்ராவுக்குப் பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது. அப்புறம், "அப்பா, அதை எடுத்துடுவியா? எடுத்தாத்தான் நாங்க வருவோம்," என்றாள்.

இதற்கு என்ன பதில்? நீங்களே சொல்லுங்கள். வாயில் இருக்கும் பலகாரத்தை விழுங்காமலே சொல்லக்கூடிய பதில்தானே?

வெர்லின் துப்பாக்கியைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சூப்புப் பானை கொதிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"யோசிச்சுச் சொல்றேம்மா," என்றார்.

கெண்ட்ரா போனை வைத்துவிட்டாள். ஆர்லீன் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மிரியமிடம் கொடுத்தாள். "அண்ணா, என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடு. பெட்டி கட்டணும். தேங்க்ஸ்கிவிங் எனக்கு பிட்ஸ்பர்க்குல," என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீ நல்லா யோசி, வெர்லின். அவசரமே இல்லை," என்றாள்.

நீல ரிப்பன் வெர்லினுக்குத்தான் கிடைத்தது. கூடு போனாலும் குண்டு இருந்ததே.

தேங்க்ஸ்கிவிங் அன்று காலையில் அவரைப் பார்க்கப் போனேன். அன்றைக்கு எல்லா வீட்டிலும் வேகும் வான்கோழி அந்தச் சமையலறையில் இல்லை, வாசனை இல்லை. ஒரு ரொட்டித் துண்டில் கடுகுச் சாந்தைத் தடவிக்கொண்டிருந்தார். ரிப்பன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. எனக்கும் ஒரு ரொட்டியில் தடவிக் கொடுத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"நேத்து நாலு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க, மச்சான்," என்றார். "எல்லாரும் ஆகா ஓகோங்கிறாங்க."

"குழந்தை எப்படி இருக்காளாம்?"

"தெரியலை. என்கிட்ட யாரும் பேசலை." கத்தியைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னேன், மச்சான்?"

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது, பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "உனக்குப் பைத்தியம். வேற என்ன?"

அவர் எழுந்து போனார். துப்பாக்கியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, குழலை ஆள் இல்லாத மேட்டுப் பக்கம் சாய்த்துக் கட்டி, வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றினார். மருந்து ஊறிச் சாகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். 'வயசு' எல்லாம் செம்மண் ஆறாக வழிந்து அவர் காலணிமேல் ஓடியது, பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு நுனியில் திருகு வைத்த கம்பியை இறக்கி, குண்டில் பதியத் திருகி, காலால் உதைத்துக்கொண்டு இழுத்தார். வரவில்லை. என்னையும் பிடிக்கச் சொன்னார். இரண்டு கிழவர்களும் இழுத்து, குண்டு வந்த வேகத்தில் புல்லில் மல்லாந்து விழுந்தோம். அதன் பின்னாலேயே கரிச்சேறு கொட்டியது.

"வண்டியை எடு, மச்சான்," என்றார் படுத்தபடியே.

பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது அங்கே பூசணிக்காய்ப் பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த கெண்ட்ரா, "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டாள். வெர்லின் உள்ளங்கையை விரித்து ஈயக்குண்டைக் காட்டினார். அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். ஆர்லீன் கட்டிக்கொள்ளவில்லை; கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள்.

குழந்தையைக் கொடுத்தார்கள். துப்பாக்கியை அத்தனை நேர்த்தியாகத் தூக்குகிற மனிதருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஐடா அவர் மூக்கைப் பிடித்தாள். அவர் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்து அவளுடைய விரல்நகத்தைப் பார்த்தார், பார்த்தபடியே இருந்தார், கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாகித் தளும்பியது.

"ஒரு குறை இல்லை, ஆர்லீன். எதையும் தொடக்கூடாது. அப்படியே இருக்கா."

"அப்படியே இருந்தா நாறிப்போகும்," என்றாள் ஆர்லீன். "டயாப்பரை மாத்து."

மாற்றினார். ரொம்ப நேரம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று யோசனை சொன்னோம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். 'நம்ம வீட்டில் துப்பாக்கியே கிடையாது' என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். துப்பாக்கிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உங்களிடம் இருப்பது யாரையும் தொடவிடாத ஒரு காராக இருக்கலாம். யாரும் உட்காரக்கூடாத ஒரு நாற்காலியாக இருக்கலாம். தம்பியோடு போட்ட ஒரு பழைய சண்டையாகக்கூட இருக்கலாம், அதையும் தூசி தட்டாமல் அப்படியே வைத்திருப்பவர்கள் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் அதற்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர், 'அதுவா, நாங்களா?' என்று கேட்பார். 'இது ஒரு கேள்வியா, நீங்கதான்' என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள் அல்லவா?

என்ன, தொண்டையைக் கனைக்கிறீர்கள்?